மேட்சிங் அக்கா வீட்டு நீலம்

மேட்சிங் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். தெருவில் இன்னும் நாலு பேர் அதையே சொல்லிக்கொள்கிறார்கள். யார் வைத்திருந்தாலும் பொருத்தமான பெயர். ஒரு துணியைக் கையில் கொடுத்தால் போதும். அக்கா நூல்கண்டுப் பெட்டிக்குள் கையை விட்டு, பேச்சை நிறுத்தாமலே, அந்தத் துணிக்கான நூலை எடுத்துவிடுவாள். தைத்து முடித்த பிறகு தையல் எந்த வழியாகப் போகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாமெல்லாம் சிவப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதை அவள் பெரிய குடும்பமாக வைத்திருந்தாள். இது வெயிலில் கிடந்த சிவப்பு, இது கோபக்காரச் சிவப்பு, இது சிவப்பு மாதிரி நடிக்கிற பழுப்பு என்று, சம்பந்தி வீட்டு ஆட்களைப் பற்றிச் சொல்வதுபோல ஒவ்வொன்றுக்கும் குணம் சொல்வாள்.

அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் என் இஸ்திரிக் கடை. கடை என்பது ஒரு மரியாதைக்கு. ஒரு மேசை, ஒரு பெட்டி, ஒரு பிளக் பாயிண்ட். ஆனால் ஊர் விஷயம் தெரிய வேண்டுமென்றால் இஸ்திரிக்காரனைவிட வசதியான இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எந்த வீட்டில் சண்டை, யார் வேலைக்குப் போவதுபோலக் கிளம்பிப் பூங்கா பெஞ்சில் படுத்துவிட்டு வருகிறார் என்பதையெல்லாம் சட்டையின் முதுகே சொல்லிவிடும். நானாக யாரையும் கேட்பதில்லை. துணி சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

அக்கா விஷயமும் எனக்கு முதலில் துணி வழியாகத்தான் வந்தது. மருந்துக்கடைக்காரருடைய கருநீலக் கால்சட்டை ஒன்று, அக்கா நீளம் குறைத்தது, இஸ்திரிக்கு வந்திருந்தது. மடிப்பில் கறுப்பு நூல். ஏதோ அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தாற்போல ஓர் ஊதா கவுனில் பழுப்பு நூல் வந்தது. அதற்கடுத்து, பால் வெள்ளைச் சட்டையில் வெண்ணெய் நிற நூல் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடியது. மெதுவாக அக்காவிடம் பேச்சை எடுத்தேன். "தம்பி, நீ மடிப்பு எடு. நூலைப் பத்தி எங்கிட்டப் பேசாத" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். நிறத்தைப் பற்றி அவளுக்கு நான் சொல்வது, மீனுக்கு நீச்சல் வாத்தியார் வைத்ததுபோல.

அப்புறம் மூட்டை திரும்பி வந்தது.

கடைத்தெருவில் இருக்கிற பெரிய துணிக்கடையின் ஆல்டர் வேலை முழுவதும் அக்காவிடம்தான் வரும். இடுப்பைப் பிடிப்பது, கையைக் குறைப்பது, ஓரம் மடித்து அடிப்பது எல்லாம். அவள் தைத்த ஓரம் தெரியாது என்பதுதான் அந்தக் கடைக்கே பெருமை. கடை ஆள் மூட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முதலாளி சொல்லச் சொன்னதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வாங்கினவர்கள் எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். இதைச் சரிசெய்து அனுப்ப வேண்டும், மறுபடியும் இப்படியே வந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றாராம்.

அக்கா மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குக் குறை பளிச்சென்று தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது, அவளுக்கு எதுவுமே தெரியவில்லை. "நூலு சரியாத்தானே இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "இதைத் தவிர எனக்கு வேற என்ன தம்பி தெரியும்?" என்றாள். கை போய்விட்டதா, புத்தி போய்விட்டதா என்பதுதான் அவள் பயம். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததைத் தெரிந்துகொள்வதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

கண்ணை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. கொஞ்ச நாள் முன்புதான் அக்கா கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தாள். கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோத்துக் காட்டி, வயசு திரும்பி நடக்கிறது என்று தெரு முழுக்கப் பெருமை அடித்திருந்தாள். அவளைவிட இளையவர்களெல்லாம் கையை நீட்டி நீட்டி மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கண்ணைப் போய் யார் குறை சொல்வது?

அதனால் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் தைக்கிற அறைக்கு அடித்திருந்தது நன்றாகப் பழுத்த ஆரஞ்சு. எப்போதோ அவள் ஊரில் இல்லாத சமயம் மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், வாங்கிவந்து அடித்தது. "சுவரு கத்துது தம்பி. அது கத்துற கத்துல துணி பேசுறது எனக்குக் கேட்கல" என்றாள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆரஞ்சுச் சுவர் பக்கத்தில் எந்தத் துணியைப் பிடித்தாலும் அதன்மேல் கொஞ்சம் ஆரஞ்சு ஏறிக்கொள்ளும். அறை முழுக்கச் சாந்தமான நிறம் அடித்துவிட்டால் கண்ணும் கையும் பழையபடி ஆகிவிடும், அதற்குப் பிறகே அந்த மூட்டையில் ஊசியை வைப்பது என்று முடிவு பண்ணிவிட்டாள். புகை மாதிரி ஒரு நீலம் வேண்டும் என்றாள். இருக்கிறதா இல்லையா என்று சுவரே யோசிக்கிற மாதிரி ஒரு நீலம்.

மாமாவிடம் சொன்னாள். மாமா லிப்ட் ரிப்பேர் பார்ப்பவர். அவர் பேச்சும் லிப்ட் மாதிரிதான். ஒரு பட்டனை அழுத்தினால் 'சரி', இன்னொரு பட்டனை அழுத்தினால் 'ம்'. நடுவில் எங்கும் நிற்காது. நிறம் என்ற விஷயத்தில் அவருக்கு ஒரே கொள்கை: வீட்டில் தெரிந்த ஆள் ஒருத்தி இருக்கும்போது நமக்கு எதற்கு? ஆரஞ்சு அடித்துத் திட்டு வாங்கிய நாளிலிருந்து கைக்குட்டைகூட அவளைக் கேட்டுத்தான் வாங்குவார்.

பெயிண்ட் கடைக்கு மூன்று பேரும் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் டப்பா தூக்க ஓர் ஆள் வேண்டாமா?

கடைக்காரர் ஷேடு கார்டை விரித்தார். சாந்தமான நிறம் என்றதும் நல்ல நல்லதாகத்தான் எடுத்துக் காட்டினார். சாம்பல் கலந்த நீலம், ஈர மணல், வெளுத்துப்போன இலைப்பச்சை. அக்கா ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டாள். "இது என்ன, தரை தொடைச்ச தண்ணி மாதிரி இருக்கு" என்றாள். ஒன்றைச் சேறு என்றாள், இன்னொன்றைப் பழைய வாழைப்பழம் என்றாள். கடைசியில் அட்டையின் கோடியில் ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். கடைக்காரர் அவளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த நிறத்தை நீச்சல் குளத்துக்குத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள் என்று அவர் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். "எவ்வளவு அடக்கமா இருக்கு பாருங்க. பால்ல ஒரு சொட்டு மை விட்டாப்பல" என்றாள் அக்கா. மாமா, "சரி" என்றார்.

எனக்கும் உறுத்தியது. ஆனால் சொல்கிறவள் யார்? ஒருவேளை நாலு பேர் பெரிய பெரிய வீட்டில் இப்படித்தான் அடிக்கிறார்களோ, நமக்குத்தான் தெரியவில்லையோ என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டேன்.

பெயிண்டருக்கு எங்கள் தெருவில் 'ரெண்டு கோட்டு' என்று பெயர். எந்தக் கேள்வி கேட்டாலும், ரெண்டு கோட்டு அடித்தால் சரியாகிவிடும் என்பார். அவர் பெண் பரீட்சையில் தவறியபோதுகூட அதையே சொன்னார் என்று பேச்சு. அவர் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, முதல் கோட்டை ரோலரில் இழுத்துவிட்டு என் மேசைக்கு இறங்கி வந்தார்.

"அண்ணே, அக்கா சாந்தமான கலருன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

"அதைப் பார்த்துப் பார்த்து என் சாந்தம் போயிடுச்சு."

மேலே போய் அக்காவையே கேட்கச் சொன்னேன். அவர் கேட்டார். அக்கா அறையின் நடுவில் நின்று மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, இப்போதுதான் வீடு வாயை மூடியிருக்கிறது என்றாளாம். அவரும் ரெண்டாவது கோட்டை அடித்துவிட்டுப் போனார்.

அந்த நீலத்தை வார்த்தையில் சொல்வது கஷ்டம். அறைக்குள் போய்விட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரத்துக்கு எதிரில் வருகிறவர் முகமெல்லாம் மஞ்சளாகத் தெரியும். மாடிக் கதவு திறந்திருந்தால் கீழே என் மேசைமேல் கிடக்கும் வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் போடாமலே நீலம் போட்டதுபோல் இருக்கும். ஆனால் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட உள்ளதைச் சொல்லவில்லை. மேட்சிங் அக்கா தேர்ந்தெடுத்த நிறத்தைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் நமக்கு ரசனை இல்லை என்றல்லவா ஆகிவிடும்? கண்ணைச் சிமிட்டிக்கொண்டே அருமை என்றார்கள், அமைதி என்றார்கள். எதிர்வீட்டு பேங்க் அம்மா ஒருபடி மேலே போய், அதே டப்பாவை வாங்கித் தன் வீட்டு வாசல் சுவருக்கே அடித்துவிட்டார். அதற்குப் பிறகு இந்த மாடி அறையும் அந்த வாசலும் தெருவுக்குக் குறுக்கே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. நடுவில் போகிற சைக்கிள்காரர்கள் பாவம்.

திரைச்சீலையில்தான் எல்லாம் உடைந்தது.

மூட்டையில் கை வைப்பதற்கு முன்னால், கை ஓட்டத்துக்காக, அந்த அறைக்கு ஒரு திரைச்சீலை தைத்தாள். சுவரும் துணியும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று அவளே போய்த் துணி எடுத்துவந்தாள். மாமா ஏணிமேல் நின்றார். கீழே துணியின் மறுமுனையைப் பிடிக்க நான் எப்படியோ அங்கே இருந்தேன். மாமா கம்பியில் வளையத்தை மாட்டப் போனவர், கையை நிறுத்திவிட்டுத் துணியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். திரும்பவும் துணியைப் பார்த்தார்.

"மாட்டுங்க. என்ன வேடிக்கை?" என்றாள் அக்கா.

"இது ரெண்டும் ஒண்ணில்லம்மா."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் நிறத்தைப் பற்றி மாமா பேசிய முதல் வாக்கியம் அதுதான். அக்கா இடுப்பில் கையை வைத்தாள்.

"கலரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. எனக்கே தெரியுதுன்னா நீயே பார்த்துக்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு தம்பி."

எவ்வளவோ பொய்யை இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் கொடுத்தவன் நான். அந்த முகத்துக்கு நேராக ஒன்றும் வரவில்லை. "சுவரு மயில் கழுத்து அக்கா. துணி அடுப்புச் சாம்பல்" என்றேன்.

அக்கா துணியை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, மெஷின்மேல் வைத்தாள். பிறகு மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள். அந்த உறையை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அந்த மெஷினை மூடி வைக்கிற அளவுக்கு அந்த வீட்டில் ஓய்வு இருந்ததில்லை.

அதன்பிறகு சில நாள் மாடியிலிருந்து மெஷின் சத்தம் வரவில்லை. கடையிலிருந்து மூட்டையைக் கேட்டு ஆள் வந்தபோது, உடம்பு சரியில்லை என்று என்னைச் சொல்லச் சொன்னாள். உண்மையைச் சொன்னால், கலர் தெரியாத தையல்காரிக்கு யார் துணி தருவார்கள் என்றாள். சமையல் நடந்தது, வீடு பெருக்குவது நடந்தது. பேச்சு மட்டும் நின்றுவிட்டது. இரண்டு மாமாக்கள் குடியிருக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் வாயைத் திறந்தது மாமாதான். காலையில் படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, பின்னால் நிற்கிறவளிடம் சொன்னார். லிப்ட் பாதியில் நின்றுவிட்டால் எல்லோரும் மோட்டார் போய்விட்டது என்றுதான் அலறுவார்களாம். "நான் மோட்டாரைத் தொடவே மாட்டேன். கதவு ஓரத்துல கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கும். அதுல தூசி இருக்கான்னு முதல்ல துடைச்சுப் பார்ப்பேன். முக்கால்வாசி அதுதான்." அக்கா, தான்தான் கண்ணாடி இல்லாமல் ஊசி கோக்கிறாளே என்றாள். "இருக்கட்டும். துடைச்சுப் பார்ப்போம்" என்றார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் நடந்ததை அக்காவே பிறகு எனக்குச் சொன்னாள், அதனால் இதில் என் சரக்கு எதுவும் இல்லை. இரண்டு கண்ணிலும் புரை. லென்ஸ் பழுத்து மஞ்சளாகிப் போய், நீலத்தையும் ஊதாவையும் உள்ளே விடாமல் வாசலிலேயே பிடித்துவைத்திருந்தது. கிட்டத்தில் இருப்பது திடீரென்று நன்றாகத் தெரிந்ததுகூட அந்தப் புரை செய்த வேலைதானாம், சில பேருக்கு அப்படி ஆகுமாம். அக்கா டாக்டரம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப எனக்குப் புத்தி சரியாத்தான் இருக்கா?" டாக்டரம்மா சிரித்துவிட்டு, புத்தியைப் பார்ப்பது தன் வேலை இல்லை, ஆனால் நிறத்தைத் தப்பாகச் சொன்னது கண்தான் என்றிருக்கிறார். அக்கா அழுதுவிட்டாள். கண்ணில் புரை என்று கேட்டு நிம்மதியில் அழுத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். கட்டுப் பிரித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கறுப்புக் கண்ணாடியும் மாமாவின் கையுமாக, யாரோ பெரிய அதிகாரி மாதிரி. முதலில் எதிர்வீட்டுச் சுவர் கண்ணில் பட்டது. பேங்க் அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். நான் இருமினேன். மாமா, மேலே போகலாம் என்றார். மாடியேறித் தன் அறை வாசலில் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்தாள்.

"யாருங்க இதை அடிச்சது?"

கேட்ட வாயிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.  வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, ஒரு கண்ணை மூடுவதும் மறு கண்ணை மூடுவதுமாகச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். இடது கண்ணுக்கு இன்னமும் அடக்கமான வீடு, வலது கண்ணுக்குத் திருவிழாக் கடை. "எல்லாரும் பார்த்துட்டு அமைதின்னு சொன்னீங்களேடா, பாவிகளா" என்றாள். ரெண்டு கோட்டு மட்டும் தப்பித்தார். அவர்தான் கேள்வி கேட்டாராமே.

டாக்டரம்மா தைக்கலாம் என்று சொன்னதும் அவள் முதலில் மூட்டையைத்தான் அவிழ்த்தாள். அந்த நீல அறையில் முடியாது என்று நாற்காலியைப் படிக்கட்டுக்கு, என் மேசைப் பக்கத்துக்கே, கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். பழைய தையலைப் பிரிக்கப் பிரிக்க அவள் வாயிலிருந்து வந்த வசவுகளெல்லாம் அவளுக்கே. வெண்ணெய் நூலைப் பார்த்தபோது நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மறுபடியும் பெயிண்ட் கடைக்குப் போனோம். இந்தத் தடவை இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, முன்பு தள்ளிவிட்ட நிறங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டாள். கடைக்காரர் முகத்தில் சிரிப்பு வராமல் இருக்க மிகவும் பாடுபட்டார். ஆனால் அட்டையை நம்பி வாங்க அவள் தயாராக இல்லை. சின்னக் கட்டத்தில் பூனை மாதிரி இருப்பது சுவர் முழுக்க ஏறினால் புலியாகிவிடும் என்றாள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவந்து, ரெண்டு கோட்டைக் கூப்பிட்டு, வெள்ளை பிரைமர் மேல் பெரிய பெரிய கட்டங்களாக அடிக்கச் சொன்னாள். காலை வெளிச்சத்தில் பார்த்தாள், மத்தியானம் பார்த்தாள், டியூப்லைட் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்தின் முன்னாலும் சிவப்பு, நீலம், கறுப்புத் துணிகளைப் பிடித்து, எது துணியோடு சண்டைக்குப் போகிறது, எது சும்மா நிற்கிறது என்று பார்த்தாள். சுவர் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி ஆகிவிட்டது. ரெண்டு கோட்டு, தான் பெயிண்டரா இல்லை கைதியா என்று என்னிடம் கேட்டார்.

அப்புறம் மாமாவைக் கூப்பிட்டாள்.

"எது நல்லாயிருக்கு? சரின்னு மட்டும் சொல்லக் கூடாது."

மாமா பாவம், வழக்கமான பட்டனைக் காணாமல் திண்டாடினார். சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நாலைந்து தடவை மூச்சு விட்டார். "எது நல்லதுன்னு தெரியலம்மா. ஆனா அந்த மூலையில இருக்கிறதைப் பார்த்தா உட்காரணும் போல இருக்கு" என்றார்.

அது பச்சையுமில்லை, சாம்பலுமில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் இருக்குமே, அது. அக்கா வலது கண்ணால் அதைப் பார்த்தாள், பிறகு மாமாவைப் பார்த்தாள். அதையே அடிக்கச் சொன்னாள்.

பேங்க் அம்மாவிடம் போய் அவளே சொன்னாள், தன் கண்ணில் புரை இருந்தது, தன்னைப் பார்த்து அவர் ஏமாந்துவிட்டார் என்று. அந்த அம்மா, தனக்கு அந்த நீலம் உண்மையாகவே பிடித்திருக்கிறது என்றார். இருந்தாலும் மனசில் ஒரு சந்தேகம் வந்து, தன் கண்ணையும் காட்டிவிட்டு வந்தார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம். ரசனைக்கு அங்கே வைத்தியம் கிடையாது. சுவர் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

மூட்டையைக் கடைக்கு யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. அவளே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சுமக்க நான் போனேன். வழியில், உடம்பு சரியில்லை என்று சொன்னதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளலாமே என்றேன். அவள் நடையைக் கூட்டினாள்.

துணிக்கடை முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துணியையும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். கடைசியில் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். அந்தத் தடவலைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கண்ணுக்குத் தையல் தெரிந்திருந்தால் விரலுக்கு வேலை இருந்திருக்காது. அப்போதுதான் அக்கா நடந்ததை எல்லாம் சொன்னாள், நீச்சல் குளத்து நீலம் உட்பட. அவர் சிரிக்கவில்லை.

"இன்னொரு கண்ணு எப்போம்மா?"

"அடுத்த மாசம்."

"அதுவரைக்கும்?"

"இடது கண்ணை மூடிக்கிட்டுத் தைப்பேன். சந்தேகம் வந்தா கேட்டுத் தைப்பேன். இதுக்கு முன்னாடி நான் யாரையும் கேட்டதில்ல."

அவர் கொஞ்சம் யோசித்தார். பழையபடி பெரிய மூட்டை வரவில்லை. உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துவந்து வைத்தார். எல்லாம் வெள்ளைச் சட்டைகள். முதலில் இதைப் பார்ப்போம் என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வெள்ளையில் என்ன மேட்சிங், இது ஆளை ஓரங்கட்டுகிற வேலை இல்லையா என்று திரும்பி வரும்போது பொருமினேன்.

அக்கா வீட்டுக்கு வந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாத அந்தப் புது அறையில் பொட்டலத்தைப் பிரித்து, சட்டைகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். ஒன்றில் துளி மஞ்சள் இருக்கிறது, ஒன்றில் துளி நீலம், இது பாலாடை, இது சுண்ணாம்பு என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பிரித்தாள். எனக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது.

"எனக்கும் போன மாசம் வரைக்கும் இது ஒரே வெள்ளைதான் தம்பி" என்றாள். பிறகு நூல்கண்டுப் பெட்டிக்குள் கையை விட்டாள். கை உடனே வெளியே வரவில்லை. உள்ளே எதை எதையோ நகர்த்தித் தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கண்டை எடுத்துச் சட்டைமேல் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வேண்டாம் என்று உள்ளே போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.